மூன்றாவது மாடி அக்கா

"முதல்ல பிள்ளை பொறக்கட்டும். அப்புறம் பல்லைப் பார்த்துக்கலாம்," என்றாள் மாமியார்.

மருமகள் கன்னத்தைப் பிடித்தபடி நின்றாள். கடைவாய்ப் பல் ஒன்று நாலு நாளாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. வயிற்றில் ஆறு மாதக் குழந்தை. லாரி ஓட்டும் கணவன் ஊர் திரும்ப இன்னும் பத்து நாள் ஆகும்.

"ஊசி போடுவாங்க. அது நேரா குழந்தைக்குத்தான் போகும். என் மகளுக்கும்தான் மாசமா இருக்கறப்போ பல் வலிச்சது. டாக்டர்கிட்டயா ஓடினா? கிராம்பை வெச்சுக் கடிச்சா, அடங்கிடுச்சு. பல்லால யாருக்கும் ஒண்ணும் ஆகிடாது."

அந்த மகளை, அதாவது தன் நாத்தனாரை, மருமகள் பார்த்ததே இல்லை. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. இப்படி எதையாவது நிரூபிக்க வேண்டியிருந்தால்தான் மாமியார் அவளைப் பற்றிப் பேசுவாள்.

மாமியார் சலவைக்கூடத்துக்குக் கிளம்பினாள். ஓரத்தில் சிவப்பு நூலால் நாற்பத்தேழு என்று கூடத்தின் எண் தைத்த படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டுவது அவள் வேலை. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி அவள் ஒரு முடிச்சுப் போட்டால் போட்டதுதான். பிறகு கத்தரிக்கோலால்தான் வெட்டவேண்டும். வீட்டில் அவள் பேச்சும் அதே ரகம்.

பொத்தான் தைத்து முடித்த சட்டைகளைக் கீழே கடையில் கொடுத்துவிட்டு மருமகள் படியேறினாள். அவள் வீடு நாலாவது மாடி. மூன்றாவது மாடியில், பூட்டிக் கிடக்கும் வீட்டின் முன்னால், படியில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் போகலையா நீ?"

அக்கா வாயைத் திறக்காமல்தான் பேசுவாள். அவளுக்கும் பல்வலி போலிருக்கிறது. தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலைவரை வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தாள். கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்தபடி உட்கார்ந்தே இருப்பாள். எழுந்து நடந்து ஒருநாளும் பார்த்ததில்லை. அவளும் மாசமாக இருந்தாள்.

"அத்தை வேண்டாங்கறாங்க. ஆமா, உங்களுக்கு இது எத்தனாவது மாசம்க்கா?"

"ஏழு."

மருமகளுக்குக் குழப்பமாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு கேட்டபோதும் ஏழு என்றுதான் சொன்னாள். வலியில் கணக்குத் தப்பியிருக்கும், பாவம்.

"கட்டு ரொம்ப இறுக்கமா இருக்கேக்கா. கொஞ்சம் தளர்த்தி விடட்டுமா?"

குனிந்து முடிச்சைத் தொட்டாள். அசையவில்லை. விரல் பட்ட நெற்றி, இந்த வெயில் காலத்திலும் ஈரத் தரை மாதிரி சில்லென்று இருந்தது. அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"விடு, அது உன்னால ஆகாது. நான் சொல்றதைக் கேளு. மாசமா இருக்கறப்போ ஈறு சீக்கிரம் வீங்கும், சீழ் பிடிக்கும். அஞ்சாறு மாசத்துலதான் பல்லைப் பார்க்கறது சுலபம். தெருமுனை ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை பல் டாக்டர் வராங்க. கர்ப்பிணி அட்டையைக் காட்டினா போதும், காசு கேட்க மாட்டாங்க. இன்னைக்குப் புதன்."

"இவ்வளவு விசாரிச்சு வெச்சிருக்கீங்க. நீங்க ஏன்க்கா போகலை?"

"கிளம்பினேன். அட்டையைக்கூடக் கையில எடுத்துட்டேன். முதல்ல பிள்ளை பொறக்கட்டும்னாங்க. சரின்னுட்டேன்." அக்கா அவளுடைய வயிற்றையே பார்த்தாள். "உன்னோடதாவது பொறக்கட்டும்."

 மருமகள் வீட்டுக்கு ஓடி அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். திரும்பும் வழியில் படியில் யாரும் இல்லை.

சாயங்காலம் மாமியார் வந்ததும், மருமகளின் வாயிலிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டாள்.

"பிடுங்கிட்டு வந்துட்டியா?"

"ஆமாத்தை. கோவிச்சுக்காதீங்க. ஊசி அந்த இடத்தை மட்டும்தான் மரத்துப்போக வைக்குமாம். குழந்தையோட துடிப்பையும் நர்ஸ் கேட்க வெச்சாங்க, நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா சீழ் கழுத்துக்கு இறங்கியிருக்கும்னு டாக்டரம்மா திட்டினாங்க. காய்ச்சல் அடிக்குமாம். அப்புறம் மூச்சே அடைச்சுடுமாம்."

மாமியார் வாய்க்குக் கொண்டுபோன தண்ணீர் டம்ளர் பாதியில் நின்றது.

"காய்ச்சலா? பல்லாலயா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"உன்னை யார் போகச் சொன்னது?"

"மூணாவது மாடி அக்காதான்."

"அங்க யாரு இருக்கா? அந்த வீடு பூட்டிக் கிடக்கு."

"படியில உட்கார்ந்திருப்பாங்களே அத்தை, தாடையைக் கட்டிக்கிட்டு. அவங்களுக்கும் ஏழு மாசம். அந்தத் துணிகூட உங்க சலவைக்கூடத்துதுதான். ஓரத்துல சிவப்பு நூல்ல நாற்பத்தேழுன்னு தச்சிருக்கு. நான் அவிழ்க்கப் பார்த்தேன், முடியல. ரெண்டு சுத்துச் சுத்தி, நுனியை உள்ள செருகி…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். மூலையில் மாமியார் கட்டிவைத்த பழந்துணி மூட்டையில் அதே முடிச்சு இருந்தது.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். 

"காய்ச்சல்லதான் அவ போனாள்னு இத்தனை நாளா நினைச்சிட்டு இருந்தேனே," என்றாள். "ஏழு மாசம். வயித்துப் பிள்ளையோட போயிட்டா. உசிரு போன பிறகும் எதையோ சொல்ல வந்த மாதிரி வாய் திறந்தே இருந்துச்சு. நான்தான் அந்தத் துணியைக் கிழிச்சு, என் மகளோட தாடையை இறுக்கிக் கட்டி அனுப்பி வெச்சேன்."