மேல் வரிசைக் குண்டுகள்

மறுநாள் என் மகள் ஜெரூஷாவுக்குத் ஏர் ரைஃபிள் சுடும் போட்டி. கையில் இருந்தது ஒரே பெட்டிக் குண்டு. பீர்க்கன்கரணை கிளப்பில் சுட்டுப் பார்த்தால், வேகம் காட்டும் கருவி குண்டுக்கு ஒரு கணக்குச் சொன்னது.

"மிஷின்தான் பேஜார் பண்ணுது" என்று பேட்டரியை மாற்றினேன். வெளிச்சம் கெடுக்கிறதோ என்று டியூப்லைட்டை அணைத்தேன். கருவியை மூன்றடி தள்ளி வைத்தேன். எண்கள் திருந்தவில்லை.

என் மனைவி மெட்டில்டா தயங்கினாள். "ஏங்க, இவ ஜெயிக்கணும்னு மேல் வரிசைக் குண்டுல மட்டும் சர்ச்சுல குடுத்த ஜெப எண்ணெய் தடவினேன். அதனாலயா?"

"பின்னே? எண்ணெய் பட்டா உள்ளே பத்திக்கிட்டு வேகம் ஏறிடும். நீயெல்லாம் ஒரு சயின்ஸ் டீச்சர்!"

ஜெரூஷா பெட்டியைத் தடவிப் பார்த்தாள். "கீழ் வரிசையிலயும் எண்ணெய் இருக்கே. அது யாருப்பா?"

நான் மறுபடியும் பேட்டரியை மாற்ற ஆரம்பித்தேன்.