வெள்ளைப் பக்கம்

"பழைய ஃபிளெக்ஸ் இருந்தாக் குடுங்கன்னு வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருந்தீகள்ல டீச்சர். இந்தாங்க."

சுருட்டிய பேனரைத் தோளில் வைத்துக்கொண்டு வகுப்பறை வாசலில் நின்றவரைப் பார்த்ததும் நாகஜோதி டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

உக்கிரபாண்டி. பாண்டீஸ்வரியின் அப்பா. பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பொங்கல் லீவுக்கு அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே அனுப்பாத மனிதர். டீச்சர் இரண்டு தடவை வீடு தேடிப் போய்க் கேட்டாள். "திருப்பூர்ல அத்தை வீட்டுக்குப் போயிருச்சு. இனிமே படிக்காது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இன்னும் குரூப்புல இருந்து என் நம்பர எடுக்கலையா?" என்று கேட்டார்.

"பிள்ளை திரும்பி வரும்னு எடுக்காம வச்சிருக்கேன்."

அவர் பேனரைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

அன்று சனிக்கிழமை. பின்சுவரில் இருந்த படம் ஒட்டும் பலகையோடு டீச்சர் காலையிலிருந்து தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மேலே போர்த்தியிருந்த பச்சைத் துணி சாயம் போய், குண்டூசி குத்திக் குத்திச் சல்லடையாகியிருந்தது. புதுப் பலகை கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். அந்த அடுத்த வருஷம் என்றைக்கு வந்திருக்கிறது? பழைய ஃபிளெக்ஸைத் திருப்பிப் போட்டு அடித்து, ஓரத்துக்குக் கலர் ரிப்பன் ஒட்டினால் பலகை வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். மதுரைப் பக்கம் காது குத்தினாலும் ஃபிளெக்ஸ், கண்ணை மூடினாலும் ஃபிளெக்ஸ். அதற்கா பஞ்சம்?

"ஒத்தை ஆளா இழுத்து அடிக்க முடியாது டீச்சர். சுத்தியலக் குடுங்க."

வேண்டாம் என்ற வார்த்தை டீச்சருக்கு வாய் வரை வந்தது. பலகையின் அகலத்தைப் பார்த்துவிட்டு, சுத்தியலைக் கொடுத்தாள்.

பலகையிலிருந்து கழற்றிய படங்களை பெஞ்சில் அடுக்கியிருந்தாள். உக்கிரபாண்டி மேலே இருந்ததைக் கையில் எடுத்தார். செம்பருத்திப் பூவை நெடுக வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டுகிற படம். ஒவ்வொரு பாகத்திலிருந்தும் கோடு இழுத்திருந்தது. கோட்டின் முனையில் ஒன்றும் எழுதவில்லை.

"நல்லா வரைஞ்சிருக்கு. ஏன் பேரு எழுதாமக் கெடக்கு?"

"எழுத வேண்டியவ வரலையே. உங்க பொண்ணு வரைஞ்சதுதான்."

அவர் படத்தை மெதுவாக பெஞ்சில் வைத்தார். ஃபிளெக்ஸின் கட்டை அவிழ்த்து, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படியே விரித்தார்.

"புதுசா இருக்கேண்ணே. கயிறு கட்டின தடம்கூட இல்ல. கட்டவே இல்லையா?"

"கட்டல."

"பேரு கீரு தப்பா அடிச்சிட்டாங்களா?"

"ஆமா டீச்சர். தப்பாத்தான் போச்சு."

டீச்சர் ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க, அவர் மேல் ஓரத்தில் அடிக்க ஆரம்பித்தார். கை அகலத்துக்கு ஒன்று அடித்தால் போதும். அவரோ விரல் அகலத்துக்கு ஒன்று அடித்தார்.

"ஆணி தீந்துரும்ணே."

"நான் கொண்டாந்திருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி ஆணியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார். இனி பேசச் சொன்னாலும் பேச முடியாது. அதுதான் சமயம் என்று டீச்சர் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பரீட்சைய மட்டும் எழுதிறட்டும். ஒரு பொம்பளப் பிள்ளைக்கு கையில ஒரு சர்ட்டிபிகேட் இருந்தா எம்புட்டு தெம்பு தெரியுமா? நான் வேணும்னா திருப்பூருக்கே வந்து கூட்டிட்டு வாரேன்."

"ம்" என்று மட்டும் சத்தம் வந்தது.

கீழ் ஓரத்துக்கு ஆணி அடிக்க அவர் குனிந்தபோது, சமணர் மலைப் பக்கமிருந்து வந்த காற்று ஜன்னல் வழியாகப் புகுந்து, அடிக்காத முனையைத் தூக்கித் திருப்பிப் போட்டது.

டீச்சர் பார்த்துவிட்டாள்.

சிவப்புப் பட்டில் பாண்டீஸ்வரி. பக்கத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு ஒருவன். சுற்றிலும் கூலிங் கிளாஸ் போட்ட மாமன்மார், மச்சான்மார். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் இருந்தது. பாண்டீஸ்வரி பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. திருமண நாள், வருகிற புதன்கிழமை.



"பதினஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கல்யாணமா? அத்தை வீடு, அத்தை வீடுன்னு சொன்னது இதுக்குத்தானா? இத எங்கிட்டயே கொண்டாந்து குடுக்க எம்புட்டு நெஞ்சழுத்தம் வேணும் உங்களுக்கு! நடக்க விட மாட்டேன். இப்பவே சைல்டு லைன் 1098க்கு போன் போடுறேன்" என்று செல்போனை எடுத்தாள்.

உக்கிரபாண்டி உதட்டிலிருந்த ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். புரண்டு கிடந்த முனையைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"ஊர் முக்குல கட்ட வேண்டியதத்தான் இங்க கொண்டாந்து, சொவத்தப் பாக்க வச்சு அடிச்சிக்கிட்டிருக்கேன் டீச்சர்" என்றார். "திங்கக்கெழம அவ வந்து அந்தப் பூவுக்குப் பேரு எழுதுவா. அந்நேரம் இது அவ கண்ணுல பட்டுறக் கூடாது. இன்னும் நாலு ஆணி சேத்து அடிச்சிர்றேன், கொஞ்சம் இழுத்துப் பிடிங்க."