கொக்கு முத்திரைப் புகைக்குழாய்

நெலிடாவின் சுத்தம் மொண்டிவிடியோவில் அந்தத் தெருவுக்கே வேடிக்கை. மாத்தே என்ற இலைத் தேநீர்க் குடுவையின் வெள்ளி உறிஞ்சுகுழலில் தெருவே வாய் வைத்தாலும் அடுத்து தானும் உறிஞ்சுவாள். புருஷன் ரமோன் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிவரும் பழைய புகைக்குழாய்களைக் கண்டால் மட்டும் குமட்டும்.

அன்று வந்ததில் கறுப்புச் சளிபோலப் புகையிலைச் சாறு உறைந்திருந்தது. ரமோன் கட்டைவிரலை நக்கிக் காம்பில் தேய்த்தான். ஈரம் பட்டால்தான் தேய்ந்த முத்திரை தெரியுமாம்.

"எவனோ செத்தவன் எச்சிலோட உன் எச்சிலையும் சேக்குறியே, கருமம்!"

"இருடி, கொக்கு தெரியுது! ஜெனோவாக்காரன் வேலை. பழைய குழாய் சேக்குற பல் டாக்டர் கண்ண மூடிக்கிட்டு வாங்குவாரு."

"காலைல இது என் அடுப்படில கெடந்தா, நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

ரப்பர் வாய்முனையில் இரண்டு பல் பள்ளங்கள். நடுவே பல் விழுந்த இடைவெளி. ரமோன் வெந்நீரில் போட்டதும் ரப்பர் உப்பிப் பள்ளங்கள் மறைந்தன.

காலையில் அவை திரும்பியிருந்தன. முனை ஈரமாக இருந்தது.

"நீ வாயில வெச்சியா?"

"சத்தியமா இல்லடி!"

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். அவனுக்குப் பல் வரிசை முழுசு.

அவளே கொண்டுபோய்க் குப்பை வண்டியில் எறிந்தாள். சாயங்காலம் பக்கத்து வீட்டு பெனிக்னா வந்ததும் மாத்தே கலந்து, வழக்கப்படி முதல் குடுவையைத் தானே குடித்து முடித்தாள். நாக்கில் புகையிலை கசந்தது. வெள்ளிக்குழலின் முனையில் இரண்டு பள்ளங்கள், நடுவே இடைவெளி.

"சீக்கிரம் குடுடி, வெந்நீர் ஆறுது," என்றாள் பெனிக்னா.

குழலைத் துடைத்துக் கொடுத்தால் விருந்தாளிக்கு அவமானம். நெலிடா வெந்நீர் ஊற்றி அப்படியே நீட்டினாள்.