கலவைத் தொட்டி

கரைக்க வேண்டியது சாணத்தைத்தான். வீரையனுக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது.

தொட்டியைச் சுற்றித் தெருவே நின்றது. கீழத்தெருவுக்கு வந்த முதல் கோபர் கேஸ், சாணத்திலிருந்து அடுப்பெரிக்க வாயு எடுக்கிற கலன்.

போன ஐப்பசி மழையில் அவனுடைய எருக்குழி நிரம்பி வழிந்து, சாணித் தண்ணீரெல்லாம் குடிக்கிற குளத்தில் இறங்கிவிட்டது. தெருவில் பாதிப் பேர் வாந்திபேதியில் கிடந்தார்கள். ஐந்து மாடு வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். ஒன்றிய ஆபீசுக்கு நடையாய் நடந்து, அரசாங்க மானியத்தில் இந்தக் கலனைக் கட்டி முடித்திருந்தான்.

கட்டுகிற வரைக்கும் உற்சாகமாகத்தான் இருந்தான். சாணத்தை அப்படியே உள்ளே தள்ளக் கூடாது, தண்ணீர் விட்டுக் கையால் கரைத்து ஊற்ற வேண்டும் என்று ஒன்றியத்திலிருந்து வந்த ஆபீசர் அம்மா இன்று காலையில்தான் சொன்னார்.

வேறு யாரையாவது கரைக்கச் சொல்லலாமா என்று கேட்டுப் பார்த்தான். முதல் கரைசல் சொந்தக்காரர் கையால்தான் என்று அவர் சிரித்துவிட்டார்.

அவனுக்கு இடப்பக்கம் மாமனார் ஐயாவு. வலப்பக்கம் தண்ணீர்க் குடத்தோடு மனைவி தங்கம்மாள்.

ஐயாவு சாணிப்பால் குடித்தவர். இருபது வருஷத்துக்கு முன்னால், அரைப்படி நெல் கூலி கூடுதலாகக் கேட்டதற்காகப் பண்ணையார் அவரைக் களத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கச் சொன்னார். பிறகு கரைத்த சாணத்தைக் கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து வாயில் ஊற்றினார்கள். பத்து வயதுத் தங்கம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பண்ணையார் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போய்விட்டார். அவரைக்கூடத் தங்கம்மாள் விட்டுவிட்டாள். கரைத்தவனை விடவில்லை.

"நம்ம சனத்துல ஒருத்தன்தானே கரைச்சிருப்பான். அந்தக் கை வெளங்குமா?"

இதை அவள் சொல்லாத மாதம் கிடையாது. பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பவன் வீரையன்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து கரைத்த பண்ணையாளுக்கு அப்போது பதினேழு வயது. மாட்டேன் என்றால் அடுத்த கொட்டாங்கச்சி உனக்கு என்றார் பண்ணைக் காரியஸ்தர். கரைத்தவன் பெயர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்; அது அவரோடு போயிற்று. அவர் செத்த அன்றைக்குத்தான் வீரையன் வயிறார ஒருவேளை சாப்பிட்டான்.

இப்போது தொட்டிக்குள் கையை விட்டான்.

வேண்டுமென்றே தப்பாகக் கரைக்க நினைத்தான். கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. கட்டியைத் தேடிப் பிடித்து நசுக்கியது. விரலிடுக்கில் சிக்கிய வைக்கோலை அரித்தரித்து வெளியே போட்டது. நிறுத்த முடியவில்லை.

"அடேயப்பா, ஒரு துரும்பு இல்லையே! குழாய் அடைக்கவே அடைக்காது. எங்கங்க பழகினீங்க?" என்றார் ஆபீசர் அம்மா.

மாடு வளர்க்கிறவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று சொல்லிவிடலாம். பதிலெல்லாம் தயாராகத்தான் இருந்தது. அதற்குள் கை அடுத்த கட்டியைத் தேடிப் போய்விட்டது.

ஐயாவு கைத்தடியை ஊன்றிக் குனிந்தார். கரைசலில் இரண்டு விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். வெகுநேரம் தேய்த்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் மாப்ள," என்றார் மெதுவாக. "ஒரு துரும்புகூடத் தொண்டையில சிக்கல."

குடத்தைச் சாய்க்கப் போன தங்கம்மாள் அப்படியே நின்றாள்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. தொட்டிக்குள் இருந்த அந்தக் கையைத்தான் பார்த்தாள்.