பக்கத்து வீட்டு செல்

கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ராஜாமணி, பக்கத்து வீட்டுத் தையற்காரர் ஜமீருக்கும் இலவசமாகவே பாடம் நடத்துவார். வெள்ளிக்கிழமை ஜமீரின் மகள் ஹசீனாவுக்கு நிக்காஹ். ஜமீர் தைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஹசீனா சாருக்கு இரண்டாவது டீயை நீட்டினாள்.

“இன்டர்பெரான்னு பேருங்க பாய். அமெரிக்காவுல இப்ப அதை லேபுலயே செய்யறான். ஒடம்புல ஒரு செல்லுக்குள்ள வைரஸ் பூந்துட்டா, அந்த செல்லு பொழைக்காது. ஆனா சாவறதுக்குள்ள இதைச் சுரந்து, பக்கத்து செல்லையெல்லாம் உஷார் பண்ணிடும். அதுங்க கதவைச் சாத்திக்கும்.”

“அந்த செல்லுக்கு எவ்ளோ நல்ல மனசுங்க சார்!”

“மனசு இல்ல பாய், சயின்ஸு!”

அப்போது மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்து ராஜாமணியின் மனைவி தீர்த்தம்மாள் கூப்பிட்டாள். “என்னங்க, பையனுக்கு அம்மை மூஞ்சிலயும் போட்டுடுச்சு. வாசல்ல சொருவுன வேப்பிலையைக் காணோம், பாத்தீங்களா?”

ஜமீரின் மிஷின் நின்றது.

ராஜாமணி சிரித்தார். “காலையில நாந்தான் பிச்சு எறிஞ்சேன். படிச்சவன் வூட்டுல மூடநம்பிக்கை எதுக்குங்க?”

ஜமீர் மகளை உள்ளே போகச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“சார், அந்த செல்லு எந்தக் காலேஜுல படிச்சதுங்க?”