அடங்காத டச் பேட்

அம்புக்குறியை வலப்பக்கம் நகர்த்தினால் அது இடப்பக்கம் ஓடியது.

தனசேகர் விரலை எடுத்தான். நின்றது. மறுபடி வைத்தான். திரையின் மூலைக்கு ஒரே துள்ளலாகப் போய், போகிற வழியில் எதையோ அமுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றுகொண்டது.

மவுஸ் வயரை எலி கடித்துவிட்டது. லேப்டாப்பின் டச் பேடை நம்பித்தான் இன்றைய பிழைப்பு.

முதலாளி ஒரு கல்யாணத்துக்காகத் தம்மம்பட்டி போயிருந்தார். நாலு பக்கமும் அடைத்த மூன்று கோழி ஷெட்டுகள். உள்ளே காற்றை இழுத்து விடும் ராட்சச ஃபேன்கள். எல்லாவற்றையும் இந்த லேப்டாப்பில் இணைத்து, புது சூப்பர்வைசரான அவனை நம்பி விட்டுப் போயிருந்தார்.

சித்திரை வெயிலில் ஃபேன் நின்றால் கோழி தாங்காது. ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிட்டு எழும் நேரம் போதும், ஷெட்டே காலி. அதனால்தான் ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிடலாம் என்று உட்கார்ந்தான்.

ஆபீசுக்குள் நுழையும் யாரும் வாசல் தொட்டியில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் கையை முக்கிவிட்டுத்தான் வர வேண்டும். கோழிக்கு நோய் அண்டாமலிருக்கப் பண்ணையில் போட்ட சட்டம். தனசேகர் சட்டம் தப்பாதவன். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்த ஒவ்வொரு தடவையும் முக்கினான். ஈரம் சொட்டச் சொட்ட வந்து டச் பேடைத் தொட்டான். பிறகு அதைத் திட்டினான்.

திரையில் ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்த்தது. படிப்பதற்குள் அம்பு துள்ளி அதை மூடிவிட்டது. மறுபடி வந்தது. மறுபடி மூடியது. இதுவும் அந்தச் சனியனின் கோளாறுதான் என்று பல்லைக் கடித்தான்.

முட்டை பொறுக்கும் சாலம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க சாமி, மூணாவது ஷெட்டுல கோழியெல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு றெக்கைய விரிச்சுக்கிட்டு நிக்குதுங்க."

"வெயிலுக்கு அப்படித்தானுங்கக்கா நிக்கும். இதச் சரி பண்ணிட்டு வாரேன், போங்க."

அவள் போய்விட்டாள்.

அவன் இந்த முறை எழவே இல்லை. முரட்டுப் பிடிவாதத்தோடு செட்டிங்ஸுக்குள் புகுந்தான். அம்பின் வேகத்தைக் குறைத்தான். தொட்டாலே அமுங்கிவிடும் வசதியை நிறுத்தினான். துணியால் அழுத்தித் துடைத்தான். அதற்குள் கையும் காய்ந்திருந்தது.

அம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. தனசேகருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

சிவப்புப் பெட்டி மறுபடி வந்தது. இந்த முறை அம்பு துள்ளி மூடவில்லை. நிதானமாகப் படித்தான்.

மூன்றாவது ஷெட்டின் ஃபேன்கள் நின்றிருந்தன. கரண்டு போகவில்லை. இந்த லேப்டாப்பிலிருந்துதான் யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

காலையிலிருந்து இதைத் தொட்டது அவன் ஒருவன்தான்.

ஃபேன் நின்றால் அலற வேண்டிய சைரன் ஏன் அடிக்கவில்லை? போன மாதம் ஒரு தடவை அது அலறியதில் கோழிகள் மிரண்டு ஓடில்லாத தோல்முட்டையாகப் போட்டுத் தள்ளின. வயரைக் கழற்றிவிடு என்றார் முதலாளி. கழற்றியது அவன்தான்.

ஸ்டார்ட்டை அமுக்கினான். டச் பேட் பிசகவே இல்லை. ஃபேன்கள் பேரிரைச்சலோடு சுற்றத் தொடங்கின.

வெளியே ஓடினான். சாலம்மாள் மூன்றாவது ஷெட் வாசலில் நின்றிருந்தாள். ஃபேன் ஓடிய பிறகும் அவள் உள்ளே போகவில்லை.

முதல் ஷெட்டிலும் இரண்டாவது ஷெட்டிலும் கோழிகள் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தன. மூன்றாவதில் ஃபேன் சத்தம் மட்டும்தான்.