நாலு நிமிஷம், ஒரே முகம்

"மூஞ்சிய விட்டு வேற எங்கயும் போகக் கூடாது தம்பி. போன தடவையே சொன்னேன்ல?"

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் இப்படிச் சொன்னதும் வீடியோ எடிட்டருக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர். ஒரே முகத்தை நாலு நிமிஷம் காட்டினால் பார்ப்பவன் கொட்டாவி விடுவான் என்பது அவருக்குத் தெரியாதா? அதனால்தான் நடுநடுவே கைதட்டும் கூட்டம், மேடைப் பூச்சாடி, சிரிக்கும் குழந்தை என்று ஒட்டியிருந்தார்.

"அம்மா, அந்த இடத்துலதான் டிஸ்க்குல கீறல். படம் கட்டம் கட்டமா உடையுது. அத மறைக்கத்தான் கூட்டத்தப் போட்டேன். அய்யா குரல் பின்னால ஓடிக்கிட்டேதான் இருக்கு. ஒரு வார்த்தை விட்டுப் போகல."

"பூச்சாடிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எனக்கு அவர் மூஞ்சி வேணும்."

அவர் என்றால் அந்த அம்மாளின் கணவர். குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மேடையில் பேசியதுதான் இந்த டிவிடி. போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். போட்டோ நிறைய இருக்கிறது. அவர் பேசுகிற படம் உலகத்திலேயே இது ஒன்றுதான். மூத்த மகன் இதை டிவியில் ஓடவிட்டுப் போனில் படம்பிடித்துக் கொடுத்திருக்கிறான். அதில் மாமனார் எது, மைக் எது என்று மருமகளுக்கே தெரியவில்லையாம்.

எடிட்டர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டு, "கீறலச் சரி பண்ண இன்னும் ரெண்டு நாள் ஆகும். பரவாயில்லையா?" என்றார்.

பதிலே இல்லை. திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"உங்களத்தாம்மா கேக்கறேன்."

"என்னப் பாத்துப் பேசுங்க தம்பி. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு என்ன பேச்சு?"

சரியான அழுத்தக்காரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அவளைப் பார்த்தே மறுபடியும் கேட்டார்.

"ரெண்டு நாள் என்ன, பத்து நாள்கூட எடுத்துக்குங்க. ஆனா வாய்கிட்ட கலங்கலா இருக்கு பாருங்க. அது போகணும்."

"அது டிவிடியோட புத்திம்மா. ஒவ்வொரு படத்தையும் ரெண்டு பாதியா வெச்சிருக்கும். அசையற இடத்துல ரெண்டும் ஒட்டாம சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடாத் தெரியும். நான்தான் ரெண்டையும் கலந்து வழவழன்னு ஆக்கினேன்."

"வழவழன்னு ஆக்கினதுல வாயே காணாமப் போச்சு."

கலந்து பூசுவது சோம்பேறி வேலை என்பது எடிட்டருக்கே தெரியும். முறையாகச் செய்வதென்றால், ஒவ்வொரு பாதியையும் தனியாகப் பிரித்து, அதை ஒரு முழுப் படமாக வளர்க்க வேண்டும். நொடிக்கு இருபத்தைந்து இருந்த இடத்தில் ஐம்பது கிடைக்கும். உதட்டசைவுகூட நழுவாது. யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தார். கேட்பதற்கு ஒரு ஆள் வந்தேவிட்டது.

அவருக்கும் ரோஷம் வந்தது. டிஸ்க்கை மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரமாகத் துடைத்தார். பழைய டிரைவ் ஒன்றைத் தேடி எடுத்து, மெதுவான வேகத்தில் சுற்றவிட்டார். கீறல் விழுந்த பதினோரு நொடிக்கு ஆறு முறை முரண்டு பிடித்தது. டிஸ்க் நடுவில் உயிரை விட்டுவிட்டால் அந்த அம்மாளுக்கு என்ன பதில் சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் சுற்றவிட்டார். ஏழாவது முறை கம்ப்யூட்டரில் இறங்கியது. அதைச் சுருக்காமல், மாற்றாமல், இருந்தது இருந்தபடியே எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் கை வைத்தார். பூச்சாடியைத் தூக்கிக் கடாசினார்.

மூன்றாம் நாள் காலை அந்த அம்மாள் வந்தாள். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எடிட்டர் படத்தை ஓடவிட்டார். அந்த நேரம் பார்த்து வேறொரு வாடிக்கையாளர் போனில் கூப்பிட, எழுந்து வாசலுக்குப் போனார்.

உள்ளே திடீரென்று சிரிப்பு. பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு ஓடிவந்தார். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றார் பாத்தீங்களா தம்பி! 'பம்ப் ஹவுஸ்ல என் பேச்ச ஒருத்தரும் மதிச்சதில்ல. வீட்டுல ஒருத்தி இருக்கா, நான் வாயத் திறந்தா வெச்ச கண்ணு வாங்க மாட்டா'ன்னு சொல்றார்! அன்னைக்கு மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பாத்துச்சு. நான் கடைசி வரிசையில இருந்தேன். எதுக்குப் பாக்கறாங்கன்னே தெரியாம நானும் சிரிச்சு வெச்சேன். வீட்டுக்கு வந்து கேட்டா, 'ஒண்ணுமில்ல, சும்மா'ன்னு மழுப்பிட்டார் மனுஷன்."

எடிட்டருக்கும் மனசு நிறைந்துவிட்டது. அய்யாவின் குரலை இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்போம் என்று ஸ்பீக்கருக்குக் கையை நீட்டினார். அதன் வயர் தரையில் கிடந்தது. காலையில் பெருக்கும்போது கழற்றியவர் மறுபடி மாட்டவே இல்லை.

"அய்யய்யோ! சத்தமே வரலையேம்மா! நீங்க எப்படி..." என்று அவள் முன்னால் வந்து நின்று கத்தினார்.

"கத்தாதீங்க தம்பி, கத்தினா வாய் கோணிடும், எனக்கு உதட்டப் படிக்க வராது" என்றாள் அந்த அம்மாள். "எனக்குக் காது போய் முப்பது வருஷமாச்சு. தெரிஞ்சா எல்லாரும் இப்படித்தான் கத்துவாங்க. இவர் ஒருத்தர்தான் கடைசி வரைக்கும் என்கிட்ட மெதுவாவே பேசினார்."